குத்தாத ஊசிகள்

அந்த மருத்துவமனையில் ஊசிகள் திருந்திவிட்டன. நோயாளிகளைக் குத்தின, அது அவற்றின் பிழைப்பு. ஆனால் குத்துகிற கையையே திருப்பிக் குத்தும் கெட்ட பழக்கத்தை ஒரு வருஷமாக அடியோடு விட்டுவிட்டன. நர்ஸுகளின் விரல், ரத்தம் எடுப்பவர்களின் விரல், குப்பை அள்ளுகிறவர்களின் உள்ளங்கை, எதிலும் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். குத்துப்படாத விரல்கள் என்பதால் தாராளமாகவே வைத்தார்கள்.

இந்த அற்புதத்தை நிகழ்த்தியவள் சோப்பு சிஸ்டர். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, அது யாருக்கும் ஞாபகம் இல்லை. தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்பது அவள் பதவி. அதாவது, ஒருவர் உடம்பில் இருக்கும் நோய் இன்னொருவர் உடம்புக்குக் குடிபோகாமல் நடுவழியில் மறித்து நிற்கிற வேலை. வார்டு வார்டாகப் போய், எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, "கையைக் காட்டு" என்பாள். காட்டினால், "இது கையா, கரித்துணியா? போய் சோப்பு போட்டுக் கழுவு" என்பாள். பெரிய பெரிய அறுவை சிகிச்சை நிபுணர்கள்கூட அவளைக் கண்டால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மாடிப்படி பக்கம் திரும்பிவிடுவார்கள்.

வகுப்பு எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து, "எச்.ஐ.வி. எப்படிப் பரவும்?" என்று ஆரம்பிப்பாள். எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள்.

"தரையிலேர்ந்து பரவாது, என்னைப் பாருங்க" என்பாள். "கைகுலுக்கினா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டா வராது. தும்மினா வராது, கொசு கடிச்சா வராது. நாம வேலை செய்யற இடத்துல பயப்பட வேண்டியது ரத்தத்துக்குத்தான். அந்தக் கிருமி இருக்கற ரத்தம் பட்ட ஊசி குத்தினாக்கூட, ஆயிரம் பேர்ல ஏறக்குறைய மூணு பேருக்குத்தான் ஒட்டும். ஆனா அந்த மூணு பேர்ல நீ இல்லன்னு எழுதிக் குடுக்க எந்த டாக்டராலயும் முடியாது. யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு மூஞ்சியைப் பாத்துச் சொல்ற ஜோசியம் இங்க வேண்டாம். எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரி நினை, எல்லாருக்கும் கையுறை போடு. குத்தின ஊசிக்கு மறுபடி மூடி போடாதே, அப்படியே பெட்டில போடு. தப்பித்தவறி உன்னைக் குத்திடுச்சா, சோப்பும் தண்ணியும் விட்டுக் கழுவு. பிதுக்காதே, வாயில வச்சு உறிஞ்சாதே. நேரா எங்கிட்ட வா. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சா ரொம்ப நல்லது. மூணு நாள் தாண்டிட்டா அந்த மாத்திரையால பிரயோஜனம் இல்ல."

எல்லாம் சரி. நூற்றுக்கு நூறு சரி. சிக்கல் முழுக்க அந்த 'எங்கிட்ட வா'வில்தான் இருந்தது.

வந்தவர்களுக்கு அவள் மாத்திரை கொடுத்தாள், குறை சொல்ல முடியாது. மாத்திரை கொடுத்த கையோடு ஒரு போட்டோவும் எடுத்தாள். அதைப் பெரிதாக்கி, கேன்டீன் சுவரில், டீ வாங்குகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மேலே, 'இவரைப் போல் இருக்காதீர்கள்' என்று தலைப்பு. கீழே, என்ன கவனக்குறைவு என்று ஒரு விளக்கம். முதலில் ஒட்டப்பட்டவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அடுத்தது ஒரு பயிற்சி டாக்டர். மூன்றாவது பிரசவ வார்டு ஆயா. அந்த ஆயா அதற்குப் பிறகு டீயே குடிப்பதில்லை, தண்ணீரோடு சரி. அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது ஓரடி தள்ளி நிற்கிற பழக்கமும் பலருக்கு வந்துவிட்டது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது என்று வகுப்பில் தலையாட்டியவர்கள்தான் அவர்கள்.

மூன்றாவது போட்டோவோடு சுவர் நின்றுபோயிற்று. அதன்பின் ஊசிகள் யாரையும் குத்தவே இல்லை. சோப்பு சிஸ்டர் தன் வகுப்புதான் காரணம் என்று நம்பினாள். மனப்பூர்வமாக நம்பினாள். அதுதான் அவளிடம் இருந்த ஒரே ஆபத்தான வியாதி.

இவ்வளவு நல்ல மருத்துவமனையை உலகம் கவனிக்காமல் விடுமா? பணியிடப் பாதுகாப்புக்கென்று இருக்கிற ஒரு சங்கம், கேடயம் கொடுப்பதாக அறிவித்தது. மருத்துவமனையின் தலைவரான பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மேடை, மைக், மாலை என்று அமர்க்களப்பட்டார். மேடைக்கு முன்னால் ஒரு வளைவு வேண்டும், அது சாதாரணமாக இருக்கக் கூடாது என்றார். சோப்பு சிஸ்டருக்கு உடனே யோசனை பிறந்தது. பயன்படுத்திய ஊசிகளைப் போடுகிற மஞ்சள் பெட்டிகளாலேயே வளைவு கட்டினால் என்ன? கிடங்கில் இருந்த புதுப் பெட்டிகள் அத்தனையும் மேடைக்குப் போய், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு மஞ்சள் வானவில்லாக வளைந்து நின்றன. பார்க்க வெகு லட்சணம்.

"இங்க பெட்டி கழுத்து வரைக்கும் நிரம்பிடுச்சு சிஸ்டர், புதுசு வேணும்" என்று ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது.

"ரெண்டு நாள் சமாளிங்க. விழா முடிஞ்சதும் தரேன்" என்றாள் சோப்பு சிஸ்டர். பாதுகாப்பைக் கொண்டாடுகிற அவசரத்தில் பாதுகாப்பாக இருக்க யாருக்கு நேரம்?

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் அவளுடைய மருமகள் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெண் வாய் அதிர்ந்து பேசியதில்லை. அதுவே சோப்பு சிஸ்டருக்குச் சந்தேகமாக இருந்தது. சண்டை போடாத மருமகள் என்ன திட்டம் போடுகிறாளோ, யார் கண்டது? வீடு இரண்டாம் மாடியில், இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை. அதில் சோப்பு சிஸ்டர், அவள் புருஷன், மகன், மருமகள் என்று நாலு பேர். புருஷன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தில் நெரிபட்டவர் என்பதால் வீட்டில் எந்த நெரிசலும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. மகன் செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிறவன். அவ்வளவு உயரத்தில் ஏறுகிறவன், வீட்டுக்கு வந்தால் அம்மா சொல்லுக்கும் பெண்டாட்டி சொல்லுக்கும் நடுவில் தரையோடு தரையாகக் கிடப்பான்.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டில் சில அதிசயங்கள் நடந்தன. மருமகள் தன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தாள். குளியலறையில் அவளுடைய துண்டு மட்டும் கொடியின் கடைசி முனைக்கு ஒதுங்கிப் போயிற்று. புது சோப்பு ஒன்று, அதற்கென்று தனிப் பெட்டி. சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கொதிக்கிற வெந்நீர் விட்டுக் கழுவினாள். கடைசியாக, மகன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"என்னடா?" என்றாள் சோப்பு சிஸ்டர்.

"அவளுக்கு உடம்பு சரியில்லையாம். தனியா படுக்கறாளாம்."

சோப்பு சிஸ்டருக்கு எல்லாம் பட்டப்பகல் போல விளங்கிவிட்டது. தட்டு தனி, துண்டு தனி, சோப்பு தனி. அடுத்தது என்ன? வீடு தனி. தனிக்குடித்தனத்துக்கு ஒத்திகை நடக்கிறது. போதாததற்கு, மாமியார் வைத்திருக்கிற சோப்பு சுத்தமில்லையாம், புதுசு வாங்கியிருக்கிறாள். ஊர் முழுக்கச் சோப்பு என்று பெயரெடுத்தவள் வீட்டில், அவள் சோப்பையே நம்பாத மருமகள்!

"பாத்தீங்களா உங்க மருமக பண்றதை?" என்று புருஷனிடம் போனாள்.

"பஸ்ல ஸீட் மாறி உக்கார்றதெல்லாம் ஒரு விஷயமா? இறங்கற எடம் ஒண்ணுதானே" என்றார் கண்டக்டர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்க ஒருத்தர் போதும் வீடு உருப்பட."

மருமகளையே நேராகக் கேட்டிருக்கலாம். என்னம்மா உடம்புக்கு என்று ஒரு வார்த்தை. கேட்டால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடாதா? ஆகவே சோப்பு சிஸ்டர் கேட்கவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் ஓசையாக அடுக்கினாள். மறுநாள் காலையில் மருமகள் கண் சிவந்து, முகம் வீங்கி, "விழாவுக்கு நல்லபடியா போயிட்டு வாங்க அத்தை" என்றபோது, "எங்க போனாலும் சேந்து போற குடும்பமா இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று ஒரு குத்து குத்தினாள். ஊசிகள் திருந்தினாலும் நாக்கு திருந்துவதில்லை.

விழா மத்தியானத்துக்கு மேல். இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்பில், முடிக்கு எண்ணெய் தடவிப் படிய வாரி, சோப்பு சிஸ்டர் தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு மேடைக்குக் கிளம்பினாள். நடைபாதையில் ஒருவர் வழிமறித்தார். கிளிப்பச்சைச் சட்டை, பளபளக்கும் ஷூ, கக்கத்தில் தோல் பை. மாதாமாதம் வருகிறவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். வரிசை நகரவில்லை என்று சண்டை போடுவதில் பேர் போனவர்.

"வரிசை விஷயம்னா வரவேற்பு மேஜைல சொல்லுங்க" என்றாள் சோப்பு சிஸ்டர்.

"வரிசை நாசமாப் போகட்டும்மா. ஊசி குத்துக்கு இந்த ஆஸ்பத்திரில நீங்கதானே ஆள்? உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க" என்றார் ஏஜென்ட். குரலைத் தணித்தார். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பல வருஷமா மாத்திரை சாப்பிடறேன், ஒரு வேளை தவறினதில்ல. நேத்து காலைல பரிசோதனைக்கு ரத்தம் குடுக்க வந்தேன். ரத்தம் எடுத்த பொண்ணு, ஊசியைப் போடப் போன பெட்டி வாய் வரைக்கும் ரொம்பிக் கிடந்துச்சு. உள்ள போகல. பாவம், மூடியை எடுத்து ஊசிக்கு மாட்டப் போச்சு. கையுறையோட சேத்து விரல்ல ஏறிடுச்சு."

சோப்பு சிஸ்டருக்கு முதலில் வந்தது கோபம்தான். மூடி போட்டாளா! எத்தனை வகுப்பு, எத்தனை தடவை! விழா நாளும் அதுவுமாக! மனசுக்குள் போட்டோ எடுத்து, பெரிதாக்கி, தலைப்பும் எழுதிவிட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட அப்பவே சொன்னேன்" என்று ஏஜென்ட் தொடர்ந்தார். "எனக்கு இன்னது இருக்கு, உடனே போய் மாத்திரை வாங்கிக்கோன்னு. சரி சார்னு தலையாட்டுச்சு. ஆனா அது முழிச்ச முழி சரியில்ல. வீட்டுக்குப் போயும் எனக்கு மனசு கேக்கல. உலகத்துல இருக்கற அத்தனை ஆபத்துக்கும் பாலிசி விக்கறவன் நான். என்னால ஒருத்திக்கு ஆபத்துன்னா நல்லாவா இருக்கு? அதான் வேலையைப் போட்டுட்டு வந்தேன். மாத்திரை குடுத்தாச்சா, இல்லையா?"

"யாரு அந்தப் பொண்ணு? பேரு தெரியுமா?"

"பேரைக் கண்டேனா? ஒல்லியா, சின்ன வயசு. அதிர்ந்து பேசாது. கழுவிட்டு வந்ததும் முதல்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? இனிமே வீட்ல என் தட்டைத் தனியா வச்சுக்கணுமா சார்னு எங்கிட்டயே கேக்குது. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. என் பொண்டாட்டி இருபது வருஷமா என் தட்டுலேர்ந்து திருடித் தின்னுட்டு குண்டா இருக்கான்னு சொன்னேன்."

ஜன்னல் மேடையில் இருந்த தட்டு, கொடி முனையில் தொங்கிய துண்டு, கூடத்துக்கு வந்த தலையணை எல்லாம் ஒன்றாகச் சோப்பு சிஸ்டரின் நெஞ்சில் வந்து இடித்தன. நேற்று காலையில் குத்தியது. இப்போது மறுநாள் மத்தியானம். ஒன்று இரண்டு மணி நேரம் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவளின் வீட்டிலேயே ஒரு பகலும் ஒரு இரவும் சும்மா கழிந்திருக்கின்றன. அந்த நேரத்தில் அவள் என்ன செய்தாள்? பாத்திரம் அடுக்கினாள்.

ஏஜென்டிடம் நன்றி என்றுகூடச் சொல்லாமல் ஓடினாள். அந்த மருத்துவமனையில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. நடைபாதையில் ஓடக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியதே அவள்தான்.

மருமகள் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் எழுந்தாள். இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"கையைக் காட்டு" என்றாள் சோப்பு சிஸ்டர். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். இந்தத் தடவை சொல்லிவிட்டுத் தானும் கையை நீட்டினாள்.

ஆள்காட்டி விரலில் ஒரு சின்னப் புள்ளி. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

கூடத்தில் இருந்த மற்ற இரண்டு பேரும் திடீரென்று அவரவர் குப்பிகளில் ஆழ்ந்துவிட்டார்கள்.

"நான் உன் மாமியார்டி. அதுக்கும் மேல, இதுக்குன்னே உக்காந்திருக்கறவ. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு..."

"உங்ககிட்ட எப்படி அத்தை சொல்றது?" என்றாள் மருமகள். அன்றுதான் அவள் குரல் உயர்ந்தது. "குத்தினா சோப்பு சிஸ்டர்கிட்ட சொல்லணும்னு வகுப்புல சொன்னீங்க. அந்த சோப்பு சிஸ்டருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இங்க எல்லாரும் மறைக்கறாங்க. கேன்டீன்ல என் மூஞ்சியை ஒட்டுவீங்க. உங்க மருமகள்னு வேற சிரிப்பாங்க. இன்னைக்கு உங்களுக்குக் கேடயம். நானே போய்க் கெடுக்கணுமா? விழா முடிஞ்சதும் சாயங்காலம் சொல்லிக்கலாம், மூணு நாள் டைம் இருக்குன்னு நினைச்சேன்."

"மூணு நாள்ங்கறது கடைசி பஸ்ஸுடி. அதுக்காக முதல் பஸ்ஸை விடறதா? தட்டுல வராதுன்னு உனக்குத் தெரியாதா? நீயே நாலு பேருக்குச் சொல்றவதானே?"

"மத்தவங்களுக்குச் சொல்றப்ப தெரியுது அத்தை. எனக்குன்னு வந்ததும் ஒண்ணும் தெரியல." இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். "மாமா அந்தத் தம்ளர்ல தண்ணி குடிச்சிடுவாரோன்னு ராத்திரி முழுக்க ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

சோப்பு சிஸ்டர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வழியில் பெரிய டாக்டர், கோட்டும் டையுமாக, எதிரில் வந்தார்.

"எங்க போறீங்க சிஸ்டர்? விருந்தாளிங்க வந்தாச்சு, மேடை அந்தப் பக்கம்!"

"ஒரு ஊசி குத்து சார். நேத்து நடந்திருக்கு. மாத்திரை ஆரம்பிக்கணும்."

பெரிய டாக்டரின் முகம், மாலை போட வந்த இடத்தில் சாவு விழுந்த மாதிரி ஆயிற்று. இடமும் வலமும் பார்த்தார். "மாத்திரை குடுங்க, வேண்டாங்கல. ஆனா காதும் காதும் வச்ச மாதிரி குடுங்க. சம்பவம் நாளைக்கு நடந்ததா வச்சுக்கலாமே?"

"நாளைக்குக் குத்தப்போற ஊசிக்கு இன்னைக்கே மாத்திரை குடுக்கற அளவுக்கு நான் இன்னும் படிக்கல சார்" என்றாள் சோப்பு சிஸ்டர்.

"உணர்ச்சிவசப்படாதீங்க. ஒரு வருஷ உழைப்பு!"

"ஆமா சார். ஒரு வருஷமா உழைச்சு எல்லார் வாயையும் தைச்சு வச்சிருக்கேன். அதுக்குத்தான் கேடயம்."

அவர் அசந்து நின்ற நேரத்தில் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பணியில் இருந்த லேடி டாக்டர் சோப்பு சிஸ்டரின் அறைக்கே வந்தார். நிதானமான பெண். எந்த விரல், எவ்வளவு ஆழம், எப்போது, கழுவியாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏஜென்டையும் வெளியில் சந்தித்து, அவர் சம்மதத்தோடு அவருடைய பழைய பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறதால ரத்தத்துல கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் கம்மியா இருக்கு. உனக்கு ஒட்டியிருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவும்மா" என்றார் மருமகளிடம். "அதுக்காக விட்டுட வேண்டாம், மாத்திரை ஆரம்பிச்சிடுவோம். நாலு வாரம், ஒரு நாள்கூட விடாம சாப்பிடணும். கொஞ்சம் குமட்டும். இன்னைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் நாங்க சொல்றப்ப வரணும். தட்டு, துண்டு, தம்ளர் எல்லாம் பழைய எடத்துலயே இருக்கட்டும். புருஷனோட சேர்றதுல மட்டும் கடைசி பரிசோதனை முடியற வரைக்கும் பாதுகாப்பு வேணும். அவ்வளவுதான்."

மருமகள் முதல் மாத்திரையை விழுங்கினாள். சோப்பு சிஸ்டர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீதித் தண்ணீரை என்ன செய்வது என்று மருமகள் தயங்கியபோது, அந்தத் தம்ளரை வாங்கி, வாய் வைத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். வகுப்பில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் செய்து காட்டியதில்லை. லேடி டாக்டர் வெளியே போனார்.

மைக்கில் சோப்பு சிஸ்டரின் நிஜப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது யாரோ என்று மேடைக்குக் கீழே பலர் விழித்திருப்பார்கள். அழைத்து வரச் சொல்லி அனுப்பப்பட்டவர் நெட்டையண்ணன். வார்டுகளில் சேர்கிற குப்பைப் பைகளை எல்லாம் தள்ளுவண்டியில் பின்பக்கக் கொட்டகைக்குக் கொண்டு போகிறவர், அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். விழாவுக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார். இதோடு மூன்றாவது தடவை வருகிறார்.

"எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க சிஸ்டர்."

"போய்ச் சொல்லுங்கண்ணே, நான் வரல. நேத்து ஒருத்தருக்கு ஊசி குத்தியிருக்கு. யாருன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. எப்படின்னு கேட்டா, ஊசி போட வேண்டிய பெட்டியை எல்லாம் சோப்பு சிஸ்டர் மேடைல தோரணமா கட்டிட்டான்னு சொல்லுங்க. இது மைக்லயே சொல்லலாம்."

நெட்டையண்ணன் தலையாட்டினார். போகவில்லை. மேஜைமேல் இருந்த மாத்திரைப் புட்டியைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"என்னண்ணே?"

"இந்த மாத்திரை... மூணு நாளைக்குள்ள சாப்பிடணும்னு வகுப்புல சொன்னீங்க இல்ல சிஸ்டர்?"

"ஆமா."

"போன மாசம் குத்தினதுக்கு என்ன சாப்பிடணும்?"

சோப்பு சிஸ்டர் எழுந்து நின்றாள். எதற்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பை கிழிஞ்சிருந்துச்சு" என்று நெட்டையண்ணன் யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். "உள்ள ஊசி கெடந்துச்சு. உள்ளங்கைல ஏறிடுச்சு. யாரு ஊசின்னு எப்படித் தெரியும், எந்த வார்டுலேர்ந்து வந்ததுன்னே தெரியாது. வீட்ல சொல்லல. அப்பப்ப காய்ச்சல் அடிக்குதான்னு நானே நெத்தியைத் தொட்டுப் பாத்துக்குவேன்."

அன்றைக்கே வந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் கேட்டிருப்பாள், கத்திக் கேட்டிருப்பாள். அதை அப்படியே விழுங்கினாள். விழுங்கிய எதுவும் அவளுக்கு இவ்வளவு கசந்ததில்லை.

"அதுக்குத் தடுப்பு மாத்திரை இல்லண்ணே, நேரம் போயிடுச்சு" என்றாள். சொல்லித்தான் ஆக வேண்டும். "ஆனா வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. இன்னைக்கே ரத்தம் பாத்துடுவோம், இன்னும் சில வாரம் கழிச்சு மறுபடி பாப்போம். கல்லீரலைத் தாக்கற கிருமிக்கும் சேத்துப் பாக்கணும். அப்படியே ஏதாவது இருந்தாலும் நல்ல மருந்து இருக்கு, சாப்பிட்டா எல்லாரையும் போல இருக்கலாம். பல வருஷமா அப்படி இருக்கற ஒருத்தரை இன்னைக்குத்தான் பாத்தேன்." அத்தனையும் உண்மை. அந்த உண்மைகளில் ஒன்றுகூட அவளுக்கு ஆறுதலாக இல்லை. "நீங்க அன்னைக்கே எங்கிட்ட வந்திருந்தா மாத்திரை கிடைச்சிருக்கும்ணே. வர முடியாம பண்ணினது நான்தான்."

"பரவால்ல சிஸ்டர்" என்றார் நெட்டையண்ணன், மரியாதை தெரிந்தவர் ஆகையால்.

அந்தப் 'பரவால்ல'வைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட உடுப்பெல்லாம் நனைய, குலுங்கிக் குலுங்கி அழுதாள். மருமகள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கண்ணே, சட்டைக் கையை மடிச்சு விடுங்க, நான் ரத்தம் எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

நெட்டையண்ணன் புதுச் சட்டையின் கையைக் கசங்காமல் மடித்து விட்டார். உட்காருவதற்கு முன் ஒரு சந்தேகம் கேட்டார்.

"நான் மட்டும் இல்ல சிஸ்டர். மத்தவங்களையும் வரச் சொல்லட்டுமா?"

சோப்பு சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எத்தனை பேர்ண்ணே?"

நெட்டையண்ணன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்ததும் அடுத்த கைக்குப் போனார்.